என்சியோவின் ஐந்து வருட மஞ்சள்

மிச்சமிருக்கும் காலத்தை நடனம் ஆடாமலே கடத்திவிட வேண்டும் என்பதுதான் என்சியோவின் லட்சியம். பெரிய லட்சியம் ஒன்றும் இல்லைதான். ஆனால் ஹில்க்கா மாதிரி ஒரு மனைவியும், எதிர்க்கரையில் ஒரு நடனக் கொட்டகையும் வாய்த்துவிட்டால், அதைவிட இமயமலை ஏறுவது சுலபம்.

கோடை வந்தால் போதும். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு அக்கார்டியன் சத்தம் ஏரித் தண்ணீர் மேலேயே நடந்து வந்து இவர்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொள்ளும். டாங்கோ, ஜோடியாகக் கட்டிக்கொண்டு ஆடுகிற ஆட்டம். ஹில்க்காவின் கால் தானாகத் தாளம் போடும். என்சியோ எழுந்து போய் ரேடியோவில் வானிலை அறிக்கையைச் சத்தமாக வைப்பார். வானிலை அறிக்கை இல்லாத நேரம் என்றால் பன்றி வளர்ப்பு பற்றிய நிகழ்ச்சியைக்கூட வைப்பார்.

அந்தக் கொட்டகையில்தான் இருவரும் சந்தித்தார்கள். நாற்பத்தாறு வருடத்துக்கு முன்னால். ஆண்கள் ஒரு சுவர் ஓரம், பெண்கள் எதிர்ச் சுவர் ஓரம். என்சியோ சுவரோடு சுவராக, பூசி வைத்த மாதிரி நின்றார். பாதிப் பொழுது போனதும் சுவரில் தொங்கும் ஒரு பலகையைத் திருப்புவார்கள். 'பெண்கள் அழைப்பு' என்று இருக்கும். அதற்கப்புறம் பெண்கள் வந்து கை நீட்டினால் ஆண்கள் மறுக்கக் கூடாது. இரண்டு பாட்டு சேர்ந்தாற்போல ஆட வேண்டும். ஆடியபின் துணையைக் கொண்டுபோய் இடத்தில் விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம். ஹில்க்கா நேராக வந்து கை நீட்டினாள். என்சியோ உதட்டை அசைத்து அடிகளை எண்ணிக்கொண்டே இரண்டு பாட்டு ஆடினார். அடுத்த வருடம் கல்யாணம். இரண்டு பாட்டோடு தன் கடமை முடிந்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஹில்க்கா அப்படி எந்த முடிவும் கட்டவில்லை.

ஐந்து வருடத்துக்கு முந்தைய யுகானுஸ் திருநாள் அன்று பிரச்சினை முற்றியது. நடுக்கோடைத் திருநாள் அல்லவா, ஊரே எதிர்க்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"என்சியோ, போலாமா?"

"எங்க?"

"எங்கன்னு தெரியாத மாதிரி கேக்காத."

"முழங்கால் வலிக்குது ஹில்க்கா."

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டது நான். வலி உனக்கா?"

"உன் வலியை நான் பகிர்ந்துக்கிறேன்."

"ஆட்டத்தையும் பகிர்ந்துக்க. இந்த முழங்கால் இன்னும் எத்தனை கோடை தாங்கும்னு டாக்டருக்கே தெரியல. கால் நல்லா இருக்கிறப்பவே ஒருதரம் உன்கூட ஆடணும்னு நினைக்கிறேன். இது தப்பா?"

தப்பில்லை. அதுதான் கஷ்டம். மாட்டிக்கொண்டால் ஆண்கள் செய்வதையே என்சியோவும் செய்தார். தன் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர் முப்பத்தெட்டு வருடம் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பார்த்தவர். வெள்ளியை ரொம்ப ரொம்பப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்க விடுவதுதான் அவர் வேலை. ஒரு தலைமுடியின் குறுக்கே நாலாயிரம் துகள்கள் வரிசையாக நிற்கலாம், அத்தனை பொடி. அரைத்துப் பொடியாக்குவதில்லை. வெள்ளி நைட்ரேட்டைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொதிக்க வைத்து, எலுமிச்சைப் புளிப்பின் இனமான சிட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் ஒன்றும் இருக்காது. வெறும் தண்ணீர். கிளறிக்கொண்டே இருக்கையில் எங்கிருந்தோ ஒரு மஞ்சள் வரும். வெள்ளி அத்தனை சிறியதானால் மஞ்சளாகத்தான் தெரியும். எத்தனை முறை செய்தாலும் அந்த மஞ்சள் எட்டிப் பார்க்கிற நொடியில் என்சியோவுக்குக் கண் கலங்கும். பணி ஓய்வு பெற்ற வாரம் கடைசியாகச் செய்த ஒரு பாட்டிலைத் தான் எழுதிய சீட்டோடு வீட்டுக்கு எடுத்து வந்திருந்தார்.

"செய்யறது பெரிசில்ல ஹில்க்கா. நிலைக்க வைக்கிறதுதான் பெரிசு. ஒவ்வொரு துகளும் சிட்ரேட்டைச் சட்டை மாதிரி போட்டுக்கிட்டு, பக்கத்துத் துகளைத் தள்ளித் தள்ளி விடும். நம்ம ஊர்ல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க மாதிரி. ஒருத்தருக்கொருத்தர் நாலு முழம் விட்டு."

"கிட்ட வந்தா?"

"போச்சு! ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். கட்டிப் புடிச்சுக்கிட்டு அடியில போய் விழும். மஞ்சள் போயி சாம்பல் நிறமாயிடும். ஒரு சிட்டிகை உப்பு போதும், அதுங்க சட்டையெல்லாம் கழண்டு கும்பலா விழுந்துடும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது. தள்ளி நின்னாத்தான் நிலைக்கும். வெள்ளிக்கும் சரி, புருஷன் பெண்டாட்டிக்கும் சரி."

"ஓகோ. அதான் டாங்கோ வேண்டாமா?"

"அறிவியல் சொல்லுது. நான் சொல்லல."

பக்கத்து வீட்டு ஆர்வி அப்போதுதான் அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எதிர்க்கரையில் வாசிக்கிறவர் அவர்தான். அவரைப் பார்த்ததும் என்சியோவுக்கு ஒரு மகத்தான யோசனை உதித்தது. அவருடைய மகத்தான யோசனைகள் எல்லாமே சாட்சி இருக்கும்போதுதான் உதிக்கும்.

"பந்தயம் வெச்சுக்கலாம். இந்த பாட்டில் கிடங்குல இருக்கட்டும். அஞ்சு வருஷம் மஞ்சளாவே இருந்தா, நீ இனிமே ஆட்டம்னு வாயே திறக்கக் கூடாது. சாம்பலாச்சுன்னா, கோடை முழுக்க எல்லாச் சனிக்கிழமையும் நான் வரேன்."

"அஞ்சு வருஷமா?"

"வருஷத்துக்கு ஒரே தடவைதான் பிரிச்சுப் பார்க்கலாம். யுகானுஸ் அன்னிக்கு. அதுவும் ரெண்டு நொடி. சும்மா சும்மா வெளிச்சத்துல காட்டினா அதுவே கெடுத்துடும்."

ஹில்க்கா யோசித்தாள். "ஏமாத்தினா?"

"ஏமாத்தறதா! நான் விஞ்ஞானி!"

"ஏமாத்தினவங்க தோத்தவங்க. ஆர்வி, கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்," என்றார் ஆர்வி. மூவரும் கை குலுக்கினார்கள்.

தோட்டத்து மேட்டுக்குள் குடைந்த நிலவறைக் கிடங்கில், உருளைக்கிழங்குக் குவியலுக்கு மேலே இருந்த பலகைத் தட்டில், அலுமினியத் தாள் சுற்றி, சீட்டை நூலால் கட்டி, பாட்டில் குடியேறியது. அதற்கப்புறம் என்சியோவின் வாழ்க்கை கனவு மாதிரிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காபி குடித்ததும் கிடங்குக்குப் போவார். ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். தாளைப் பிரிக்க மாட்டார். கண்ணை மூடிக்கொள்வார். மண் வாசனை, கிழங்கு வாசனை, கூரையில் எங்கோ சொட்டும் பனி உருகிய நீர். அந்த இருட்டுக்குள் இன்னொரு இருட்டு, அதற்குள் கோடி கோடி வெள்ளித் துகள்கள். ஒன்றையொன்று தொடாமல், ஒன்றும் விழாமல், சத்தமே இல்லாமல் மிதந்துகொண்டிருக்கும். வெளியே ஏரி உறையும், உருகும். பறவைகள் போகும், வரும். துகள்கள் அப்படியே இருக்கும். தானும் அதற்குள் ஒரு துகளாக மிதப்பதுபோல அவருக்குத் தோன்றும். யாரும் கை நீட்டாத உலகம். சில நாள் அப்படியே தூங்கியும் போவார். ஹில்க்கா கிழங்கு எடுக்க வந்து, குறட்டையைக் கேட்டு, அவர் தோளில் கம்பளியைப் போட்டுவிட்டுப் போவாள்.

முதல் யுகானுஸ், மஞ்சள். இரண்டாவது, மஞ்சள். மூன்றாவது, நான்காவது, அதே மஞ்சள். ஹில்க்கா ஒவ்வொரு முறையும், "சரி, பாக்கலாம்," என்றாள். எதிர்க்கரைச் சங்கீதம் ஒவ்வொரு கோடையிலும் படியில் வந்து உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியது. அவள் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்க ஆரம்பித்திருந்தாள். அதை என்சியோ பார்த்தார். பார்க்காத மாதிரியும் இருந்தார்.

ஐந்தாவது யுகானுஸுக்கு ஒன்பது நாள் இருந்தது. அங்கேதான் விஞ்ஞானிக்கும் பொறுமைக்கும் பிரிவினை வந்தது.

ஒரே ஒரு ஓரம், ஒரே ஒரு நொடி என்று சொல்லிக்கொண்டு தாளை விலக்கினார்.

சாம்பல்.

கலங்கலாக, அழுக்காக, பாத்திரம் கழுவிய தண்ணீர்போல ஒரு சாம்பல். என்சியோ தாளைப் பட்டென்று மூடினார். வெளிச்சம் படக் கூடாதே என்றா, தன் கண்ணில் படக் கூடாதே என்றா, அவருக்கே தெரியாது. முப்பத்தெட்டு வருடம் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்த மனிதர், தன் தோல்வியை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. மரப்பெட்டியில் உட்கார்ந்து அழுதார். அப்புறம் மனக்கண்ணில் வரிசையாகச் சனிக்கிழமைகள் வந்து நின்றன. ஊரே பார்க்க, உதட்டை அசைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அழுகை நின்றது. திட்டம் பிறந்தது.

அன்று சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், குளிக்கும்போது விடை கண்ணெதிரே வாளியில் இருந்தது. முதுகில் அடித்துக்கொள்ளும் பிர்ச் மரத்து இலைக்கொத்தை வெந்நீரில் ஊறப்போட்டிருந்தார்கள். கோடையின் இளம் இலை. தண்ணீர் மெல்லிய மஞ்சளாக இறங்கியிருந்தது. அதே மஞ்சள்! ஹில்க்கா வெளியே போகும்வரை காத்திருந்து ஒரு குவளை மொண்டார். காபி வடிகட்டும் தாளில் வடித்தார். தெளியவில்லை. மறுபடி வடித்தார். ஒளியில் பிடித்துப் பார்த்தார். தண்ணீர் கலந்தார். தன் வாழ்க்கையிலேயே இத்தனை கவனமாக எந்தக் கரைசலையும் அவர் செய்ததில்லை. அதே மாதிரி பாட்டில், அதே தாள், அதே சீட்டு. சாம்பல் பாட்டிலைக் கவிழ்த்து வைத்த படகுக்கு அடியில் ஒளித்தார்.

மறுநாள் காலை.

"காபி வடிகட்டற தாள் எங்க? நேத்துதான் புதுக் கட்டு பிரிச்சேன்."

"ஈரமாயிடுச்சு. எறிஞ்சுட்டேன்."

"எத்தனை?"

"ஒண்ணு ரெண்டு..."

"பதினஞ்சு காணோம்."

"ஈரம்னா பரவும் ஹில்க்கா."

"பரவும், பரவும்," என்றாள் ஹில்க்கா. சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்று என்சியோ யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

யுகானுஸ் வந்தது. வாசலில் இரண்டு பக்கமும் பிர்ச் கன்றுகளை நட்டு, புல்லில் மேஜை போட்டு, புது உருளைக்கிழங்கும் சோம்பு மாதிரி வாசனையாக ஒரு கீரையும், ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் பரிமாறியிருந்தார்கள். ஏரி அசையாமல் கிடந்தது. ஆர்வி அக்கார்டியனோடு வந்து உட்கார்ந்தார். ஏழு மணிக்கு அவர் எதிர்க்கரையில் இருக்க வேண்டும்.

என்சியோ தானே போய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து தாளைப் பிரித்தார். சாயங்கால வெயில் பாட்டிலுக்குள் புகுந்து மஞ்சளாக நின்றது.

"அடடா!" என்றார் ஆர்வி. "அஞ்சு வருஷமா!"

"அஞ்சு வருஷம்," என்றார் என்சியோ. "தள்ளி நின்னா நிலைக்கும்னு நான் சொல்லல?"

"சொன்ன, சொன்ன." ஹில்க்கா கைதட்டினாள். "இன்னிக்கோட கெடு முடிஞ்சது. இனிமே திறக்கலாம் இல்ல?"

"எதுக்கு திறக்கணும்?"

அவள் அதற்குள் திறந்துவிட்டாள். ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினாள். ஆர்வி குனிந்தார்.

"என்னப்பா, சவுனா மாதிரி மணக்குது?"

"கிடங்கு வாசனை," என்றார் என்சியோ. "குடிச்சுத் தொலைக்காத!"

ஹில்க்கா கிழங்குத் தட்டுப் பக்கத்திலிருந்து உப்புக் கிண்ணத்தை இழுத்தாள். என்சியோவுக்கு உள்ளங்கால் வேர்த்தது.

"ஹில்க்கா! வேண்டாம்! என் அஞ்சு வருஷ உழைப்பு!"

"ஒரு குவளைதானே. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிக் காது புளிச்சிருக்கு. ஒருதரம் கண்ணால பாத்துடறேன்."

ஒரு சிட்டிகை போட்டாள். கரண்டியால் கிளறினாள். மூவரும் பார்த்தார்கள்.

மஞ்சள்.

இன்னொரு சிட்டிகை. மஞ்சள். ஒரு முழுக் கரண்டி. மஞ்சளோ மஞ்சள்.

ஆர்விக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "சபாஷ் என்சியோ! உப்பைக் கொட்டினாலும் அசையல பாரு! என்ன உறுதி!" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் என்சியோ ஒரு அங்குலம் நாற்காலிக்குள் இறங்கினார்.

"ஆமா, என்ன உறுதி," என்றாள் ஹில்க்கா. "உன் வெள்ளிக்கு உப்புன்னா ஆகாதே, வாத்தியாரே. கட்டிப் புடிச்சுக்கிட்டு விழணுமே. இது ஏன் நம்ம உருளைக்கிழங்கு மாதிரி தேமேன்னு இருக்கு?"

என்சியோ மேஜை விரிப்பின் பூவை எண்ணினார்.

"பிர்ச் இலைத் தண்ணிதானே?"

தலை தானாக ஆடியது.

"எப்ப பாத்த?"

"ஒம்பது நாள் முன்னாடி. சாம்பலாயிடுச்சு ஹில்க்கா. எல்லாம் போச்சு. என்னால சொல்ல முடியல."

"சாம்பலாகல. அது சாம்பலேதான்."

"என்னது?"

"சவுனா அடுப்புச் சாம்பல். ரெண்டு கரண்டி எடுத்துத் தண்ணியில கலக்கி, வேற பாட்டில்ல ஊத்தி, உன் பாட்டில் இருந்த இடத்துல வெச்சேன். பத்து நாளைக்கு முன்னாடி. வருஷத்துக்கு ஒரே தடவைதான் பார்க்கணும்னு நீ போட்ட சட்டம். அதை நீ தாங்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அவள் எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிடங்கில் இறங்கினாள். திரும்பி வரும்போது மண் ஒட்டிய ஒரு பாட்டில் கையில் இருந்தது. "கிழங்குக்கு நடுவுல புதைச்சு வெச்சிருந்தேன். தட்டைவிட அங்க இருட்டும் ஜாஸ்தி, குளிரும் ஜாஸ்தி. உன் பிள்ளைங்களை உன்னைவிட நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்."

தாளை உரித்தாள். இது வேறு மஞ்சள். இலை தரும் மஞ்சள் இல்லை. என்சியோ பார்த்தவுடன் கண்டுகொண்டார். இதை எப்படி மறந்தேன் என்று வெட்கமாக இருந்தது. ஹில்க்கா ஒரு குவளையில் கொஞ்சம் ஊற்றி, ஒரே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டாள். மஞ்சள் ஒரு நொடி தயங்கியது. மங்கியது. பிறகு ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, சாம்பல் நிறமாகி, மெல்ல அடிக்கு இறங்க ஆரம்பித்தது. பாட்டிலில் மிச்சம் இருந்தது வெயிலில் அப்படியே நின்றது.

"அப்ப..." என்சியோ துள்ளி எழுந்தார். "அப்ப அஞ்சு வருஷம் நிலைச்சிருக்கு! நான் ஜெயிச்சிட்டேன்!"

"உக்காரு. சாம்பலைப் பாத்ததும் நேரா வந்து, 'தோத்துட்டேன் ஹில்க்கா'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் சிரிச்சுட்டு இந்த பாட்டிலை உன் கையில குடுத்திருப்பேன். ஜென்மத்துக்கும் ஆட்டம்னு கேட்டிருக்க மாட்டேன். நீ என்னடான்னா காபித் தாளைக் காலி பண்ணிட்டிருந்த. வெள்ளி அஞ்சு வருஷம் நின்னுச்சு. நீ ஒரு நாள்கூட நிக்கல."

"ஏமாத்தினவங்க தோத்தவங்க," என்றார் சாட்சி. "மணி ஆறரை ஆகுது. என் படகுல மூணு பேர் உக்காரலாம்."

கொட்டகையில் எல்லாம் பழையபடியே இருந்தது. அதே மரத்தளம், அதே சுவர். என்சியோ பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டார். பலகை திரும்பியது. எதிர்ச் சுவரிலிருந்து ஹில்க்கா நடந்து வந்தாள். கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் வந்தாள். வந்து கை நீட்டினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணத் தொடங்கினார். பாட்டு பாதி போனபோது எண்ணிக்கை எங்கோ தொலைந்தது. ஆர்வியின் அக்கார்டியன் இழுத்த இழுப்பில் ஏரி, வெளிச்சம், பிர்ச் வாசனை எல்லாம் சேர்ந்து சுற்றின. அவள் தலை அவர் தாடைக்குக் கீழே, நாற்பத்தாறு வருடத்துக்கு முன்பு இருந்த அதே உயரத்தில் இருந்தது. கண்ணை மூடினார். கிடங்கில் கனவு கண்ட அந்த மிதப்பு இங்கேயும் இருந்தது. ஆனால் தனியாக இல்லை. நாற்பத்தாறு வருடத்தை ரேடியோவில் பன்றி வளர்ப்பு கேட்டே வீணடித்துவிட்டோமே என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். இரண்டாவது பாட்டு முடிந்தது அவருக்குத் தெரியவில்லை.

"முடிஞ்சது. என்னைக் கொண்டு போய் விடு," என்றாள் ஹில்க்கா.

"இன்னும் ஒண்ணு ஹில்க்கா. ஒரே ஒண்ணு."

"ரெண்டு பாட்டுதான் சட்டம். மரம் அறுக்கற பட்டறைக்காரர் அங்க தனியா நிக்கிறார், நான் போயி கூப்பிடறேன்."

"அப்ப நான்?"

ஹில்க்கா அவருடைய காலரைச் சரி செய்து, மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

"நீ அங்கயே தள்ளி நில்லு என்சியோ. தள்ளி நின்னாத்தானே நிலைக்கும்?"